பெயர் தெரியாமல் வந்த பூச்செடி

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எதிர்வீட்டு அக்கா வீடு மாறும்போது ஒரு தொட்டியைத் தந்துவிட்டுப் போனார். பெயர் அவருக்கும் தெரியாது. செப்டம்பரில் கொத்தாக ஆரஞ்சுப் பூ வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் அமரில்லிஸ் என்றார்கள்.

பூவை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லிவிடாதீர்கள். முதலில் அடிமண்ணை விரலால் விலக்குங்கள். அமரில்லிஸ் என்றால் பெரிய வெங்காயம் போலக் கிழங்கு இருக்கும். என் தொட்டியில் கிழங்கே இல்லை, வெளிறிய சதைப்பற்றான வேர்கள்தான். அப்புறம், வாடிய பூத்தண்டைக் குறுக்கே நறுக்குங்கள். கடைகளில் அமரில்லிஸ் என்று விற்கும் செடியின் தண்டு குழாய் மாதிரி. இதுவோ உள்ளே கெட்டி. இலைகளும் கரும்பச்சையாக, விசிறி போல இரு பக்கமும் அடுக்கியிருந்தன.

சரி, இது கிளைவியா! நம் குவாசுலு-நட்டால் மாகாணக் காட்டு நிழலில் தானாக வளர்வது. பூ மேல்நோக்கி விரிந்தால் மினியாட்டா என்ற கிளைவியா இனம். குழல் போலத் தொங்கினால் வேறு இனம்.

ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்த ராபர்ட் கிளைவின் பேத்தி சார்லட்டை வைத்து 1828இல் இந்தப் பெயர் வந்தது.

செடி முழுக்க நச்சு. சிவந்த பழம் குழந்தைகளை இழுக்கும், எட்டாத இடத்தில் வையுங்கள். நறுக்கிய கையைக் கழுவிவிடுங்கள்.