எச்சில் அமைலேஸ் மரபணு ஒருவரிடம் எத்தனை? எண்ணிப் பார்க்கும் முறை

வெறும் சோற்றை வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருங்கள், இனிக்கத் தொடங்கும். எச்சிலில் உள்ள அமைலேஸ் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது. அதற்கான மரபணு ஏஎம்ஒய்1. பெரும்பாலான மரபணுக்கள் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டுதான் இருக்கும். இதுவோ ஒருவரிடம் 2, இன்னொருவரிடம் 6, சிலரிடம் பத்துக்கும் மேல். மாவுச்சத்து அதிகம் உண்ணும் ஜப்பானியர், தான்சானியாவின் ஹட்சா பழங்குடியினர் போன்ற மக்களிடம் சராசரி கூடுதல் என்று 2007இல் ஓர் ஆய்வு காட்டியது.

எண்ணுவதற்கு, உலகின் பல பகுதி மக்களின் டிஎன்ஏவைப் படித்து வெளியிட்ட 1000 ஜீனோம்ஸ் திட்டத்தின் தரவு போதும். இலவசமாகவே கிடைக்கிறது. கூடவே, அந்தத் தரவிலிருந்து கணக்கெடுக்க உதவும் சாம்டூல்ஸ் மென்பொருள்.

முதலில் அளவுகோல். டிஎன்ஏவைச் சின்னத் துண்டுகளாகப் படித்து, ஒப்பிடுவதற்கென வைத்திருக்கும் மாதிரி மரபணுத்தொகுதியின் மேல் பொருத்தியிருப்பார்கள். ஓர் இடத்தில் சராசரியாக எத்தனை துண்டுகள் படிந்திருக்கின்றன என்பதுதான் 'ஆழம்'. எல்லோரிடமும் இரண்டே பிரதி உள்ள சில பகுதிகளின் ஆழத்தை எடுங்கள். எக்ஸ் குரோமோசோம் வேண்டாம், ஆண்களிடம் அது ஒன்றுதான். ஆழம் 30 வந்தால் ஒரு பிரதிக்கு 15.

அடுத்ததில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஜிஆர்சிஎச்38 என்ற மாதிரி மரபணுத்தொகுதியில், 1ஆம் குரோமோசோமில் ஏஎம்ஒய்1ஏ, 1பி, 1சி என மூன்று பிரதிகள் உண்டு. மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஒரு துண்டு எதைச் சேர்ந்தது என்று பொருத்தும் மென்பொருளுக்குத் தெரியாது. ஏதோ ஒன்றில் வைத்துவிட்டு, பொருத்தத் தரம் (இடம் சரிதான் என்ற உறுதி) 0 என்று குறித்துவிடும். வழக்கமான பழக்கத்தில் 'தரம் குறைந்தவற்றை நீக்கு' என்று கொடுத்தால் நமக்கு வேண்டிய துண்டுகளே போய்விடும். தயவுசெய்து இங்கே வடிகட்டாதீர்கள்.

சரி, மூன்று இடங்களின் ஆழமும் 41, 37, 42 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்ப்பதில் பயனில்லை. கூட்டினால் 120. அதை 15ஆல் வகுத்தால் 8 பிரதிகள்.

அப்புறம் சரிபார்ப்பு. இரண்டே பிரதி உள்ள வேறொரு மரபணுவையும் இதே வழியில் கணக்கிடுங்கள், 2 வர வேண்டும். பலபேரை எண்ணினால் விடைகள் 4, 6, 8 என இரட்டைப்படை எண்களில் குவியும். ஒரு குரோமோசோமில் இந்த மரபணு பெரும்பாலும் ஒற்றைப்படையில்தான் இருக்கிறது. ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தால் இரட்டைதானே! 7.5 போல நடுவில் நிற்கும் ஆளுக்கு மட்டும் டிஜிட்டல் பிசிஆர் (டிஎன்ஏ பிரதிகளை நேரடியாக எண்ணும் ஆய்வகச் சோதனை) செய்து முடிவு கட்டுங்கள்.