பழைய பைத்தான் நிரலை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் என்னிடம் நிரல் பழக வரும் இரண்டு பிள்ளைகள், போன வாரம் ஒரு கடையின் நிரலை, பைத்தான் என்ற நிரல் மொழியின் பழைய பதிப்பான 2-லிருந்து புதிய பதிப்பான 3-க்கு மாற்றினார்கள். பிழை எதுவும் வராமல் ஓடியது. "முடிஞ்சிருச்சுண்ணே" என்றார்கள். எனக்குப் பகீரென்றது. 2020-இல் நான் சொன்னதும் இதேதான்.

அச்சிடும் கட்டளையான பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி போட மறப்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அதை பைத்தானே சொல்லிவிடும்.

ஓடினால் முடிந்தது என்று நினைப்பது

பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் நின்றது. கடைசி நேரம் வரை தள்ளிப்போட்டு, ஒரு பலகாரக் கடையின் பில் நிரலை, 2-ஐத் தானாக 3-ஆக மாற்றும் 'டூ-டு-த்ரீ' கருவியில் போட்டு மாற்றிக் கொடுத்தேன். தை மாதம், கல்யாண ஆர்டர்கள். 250 அதிரசம், டஜன் 120 ரூபாய், உதிரி ஒன்று 11 ரூபாய். பில்லில் 20 டஜன், உதிரி 10 என்று சரியாகத்தான் இருந்தது. கூட்டுத்தொகை மட்டும் 2,510-க்குப் பதிலாக 2,610.

பைத்தான் 2-இல் முழு எண்களுக்கு நடுவே வகுத்தல் குறியாக ஒரு சாய்கோடு (/) போட்டால் மீதியை விட்டுவிடும்: 250-ஐ 12-ஆல் வகுத்தால் 20. பைத்தான் 3-இல் அதே கோடு 20.83 தரும். அச்சிடும் இடத்தில் தசமம் வெட்டுப்பட்டு 20 என்றே தெரிந்தது. ஆனால் விலை 20.83 டஜனுக்குப் போனது. அதற்கு மேல் உதிரிக் கணக்கும் சேர்ந்தது. கண்டுபிடித்தவர் ஓர் ஆச்சி, மனக்கணக்கில். "ஏன் தம்பி, கடைசிப் பத்துக்கு ரெண்டு வாட்டி காசு வாங்கியிருக்கீகளே?"

ஒவ்வொரு பில்லாகத் தேடி, கடைக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கல்யாண வீட்டில் போய் அவர் தலைகுனிந்து நின்றதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது. ஏனென்றால் இந்த மாற்றம் 2001-லேயே அறிவிக்கப்பட்டது. பைத்தான் 2.2 முதலே, 'ஃப்யூச்சர்' தொகுதியிலிருந்து 'டிவிஷன்' என்பதை இறக்குமதி செய்து புது வகுத்தலைச் சோதித்துப் பார்க்கலாம். பைத்தான் 2.7-ஐ ஓட்டும் கட்டளையில் மைனஸ் 3 (-3) என்ற தேர்வைச் சேர்த்தால், இப்படிப்பட்ட வகுத்தல் நடக்கும் இடங்களில் எச்சரிக்கும். நான் இரண்டையும் செய்யவில்லை.

ஒரு மொழி பழைய வசதியை அடியோடு எடுத்துவிட்டால் நிரல் நின்றுவிடும். உங்களுக்கு உடனே தெரியும். அதே குறியை வைத்துக்கொண்டு பொருளை மாற்றினால் எதுவும் நிற்காது, கணக்குத்தான் தப்பும். அதனால் சாய்கோடு ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள். முழு எண் வேண்டிய இடத்தில் இரட்டைச் சாய்கோடு (//) போடுங்கள். அப்புறம் போன வருடத்து பில்களைப் பழைய நிரலிலும் புதியதிலும் ஓட்டி, தொகைகளை ஒப்பிடுங்கள்.

எச்சரிக்கையை வாயடைப்பது

இது பைத்தானில் மட்டும் நடப்பதில்லை. இணையதளங்களுக்கான பிஎச்பி மொழியின் 5.5 பதிப்பு, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு பேசும் பழைய செயற்கூறுகளைக் கைவிடச் சொல்லி 2013-லேயே எச்சரித்தது. பலர் முன்னால் ஓர் '@' போட்டு அந்த எச்சரிக்கையை மறைத்தார்கள். 2015 டிசம்பரில் 7.0 அவற்றை நீக்கியே விட்டது.

மாற்றும் சாக்கில் புது வசதி சேர்ப்பது

வேண்டாம்.

பழைய நிரலை உடனே அழிப்பது

ஒரு வருடக் கணக்கு முடியும்வரை இருக்கட்டும். அந்தப் பிள்ளைகளை நேற்று உட்காரவைத்துச் சாய்கோடுகளை எண்ணச் சொன்னேன். 41 இருந்தன, ஆறு தவறு.