ஊர்ப் படிப்பகத்தில் ஆவணப்படம் திரையிடுவது எப்படி? குமரி மாவட்டத்துக்கான செய்முறை

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தியேட்டருக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஐம்பது நிமிட ஆவணப்படத்தையோ கையைக் கடித்து எடுத்த சுயாதீனப் படத்தையோ அங்கே யாரும் போடப்போவதில்லை. திருவனந்தபுரத்தில் கேரள அரசின் திரைப்பட அமைப்பான கேரள சலச்சித்திர அகாதமி 2008 முதல் ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் தனி விழா நடத்துகிறது. விருப்பமுள்ளவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள், மற்றவர்களுக்கு? ஊரிலேயே போட்டால்தான் உண்டு.

அந்த வழி இங்கே பக்கத்திலேயே பழக்கப்பட்டதுதான். மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984இல் கோழிக்கோட்டில் தொடங்கிய ஒடேசா என்ற திரைப்படக் குழு, மக்களிடம் காசு பிரித்துப் படம் எடுத்தது. 16 எம்.எம். புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் காட்டியது. இப்போது ஒரு முதுகுப்பையில் எல்லாம் அடங்கிவிடும். முதல்முறை நடத்துகிறவர்கள் செய்யவேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதைப் புரொஜெக்டரில் போடாமல் சவுண்டில் போடுங்கள். ஏன் என்று நான்காவது படியில் வருகிறது.

1. நாளும் நேரமும்

படத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இதை முடிவுசெய்துவிடுங்கள். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே எழுந்துவிடுவார்கள். எட்டு மணிக்குப் படத்தைத் தொடங்கினால் பாதிப்பேர் வரமாட்டார்கள், வந்த பாதிப்பேரும் தூங்குவார்கள். அங்கே ஆறரைக்குத் தொடங்கி எட்டுக்குள் முடிப்பது நல்லது.

கடற்கரை ஊர்களில் ஞாயிறு மாலைதான் சரி, ஆனால் பூசை, அன்பியக் கூட்டம் (பங்கின் குடும்பங்கள் சிறு குழுவாகக் கூடுவது), திருவிழா நாட்களைப் பங்குக் கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிற ஆண்கள் வாரக்கணக்கில் ஊரில் இருக்கமாட்டார்கள். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் நம் மாவட்டத்தில் இரண்டு: கிழக்குப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அப்போது ஆள் கிடைப்பார்கள். மேற்கே ஒரு சிக்கல், அதே நேரத்தில்தான் தென்மேற்குப் பருவமழையும் கொட்டும். தகர ஷீட் கூரைக்கடியில் மழை பிடித்தால் படத்தில் ஒரு வார்த்தையும் கேட்காது. ஜூன், ஜூலையில் கான்கிரீட் கூரை உள்ள இடம் மட்டும் பாருங்கள்.

2. படமும் அனுமதியும்

முதல் திரையிடலுக்கு ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட படம் போதும். இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காக எடுத்துப் போடாதீர்கள். யூடியூபில் இருந்தாலும் இயக்குநரிடமோ தயாரிப்பாளரிடமோ எழுத்தில் அனுமதி வாங்குவதுதான் முறை. நேராக ஒரு மின்னஞ்சல்: எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை பேர், கட்டணம் உண்டா இல்லையா. சிறு இயக்குநர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே ஒத்துக்கொள்வார்கள். ஓடிடி தளங்களின் வீட்டுச் சந்தாவை வைத்து ஊருக்குப் படம் காட்ட முடியாது, அவர்களுடைய நிபந்தனையே அதைத் தடுக்கிறது.

1952ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டப்படி பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்று வேண்டும், ஆவணப்படத்துக்கும் இது பொருந்தும். சான்று இல்லாத படங்களைத் திரைப்படச் சங்கங்கள் உறுப்பினர்களுக்கு மட்டும் போடுவதுண்டு. அதைச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று புதியவர்கள் நம்பவேண்டாம். முதல் படம் சான்றுள்ளதாக இருக்கட்டும், சான்றின் பிரதியை இயக்குநரிடமே கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திறந்தவெளி என்றால் ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதியும் வேண்டும், இரவு பத்து மணிக்கு மேல் அது கூடாது.

இன்னொன்று. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலைப் பற்றிய படத்தைக் கடற்கரையில் போடுவதாக இருந்தால், ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்கள் அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். நோட்டீஸ் அடிக்கும் முன் அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள், முடிந்தால் முதலில் அவர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

3. இடமும் திரையும்

படிப்பகம், பங்கு மண்டபம், சமுதாய நலக்கூடம், பள்ளி வகுப்பறை, எதுவானாலும் சரி. ஜன்னலை அடைக்க முடிகிறதா, மின்விசிறி எவ்வளவு சத்தம் போடுகிறது, இந்த இரண்டையும் பாருங்கள்.

எட்டு அடி அகலத் திரை ஐம்பது பேருக்குத் தாராளம். உயரம் நாலரை அடி வரும். த்ரோ விகிதம் (திரையின் அகலத்தைப்போல் எத்தனை மடங்கு தூரத்தில் வைக்கவேண்டும் என்பது) 1.5 உள்ள புரொஜெக்டரைத் திரையிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி வைக்கவேண்டும். வாடகைக்கு எடுக்கும்போது வெளிச்சத்தின் அளவான ‘ஆன்சி லூமென்’ எவ்வளவு என்று கேளுங்கள், மூவாயிரம் இருந்தால் கவலை இல்லை. விளம்பரத்தில் வெறும் லூமென் என்று பத்தாயிரம், இருபதாயிரம் போடுவதை நம்பாதீர்கள். சுருக்கமில்லாத வெள்ளைத் துணியோ பளபளப்பில்லாத வெள்ளைச் சுவரோ திரையாகப் போதும்.

திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் சப்டைட்டில் முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் போய்விடும். முன்னால் பாய், பின்னால் நாற்காலி போட்டால் இன்னும் நல்லது.

4. சவுண்ட்

ஆவணப்படம் என்றால் பாதிக்கு மேல் பேச்சுதான். காற்றடிக்கிற கரையில், ஓடுகிற ஜீப்பில் எடுத்த பேச்சு. படம் சற்று மங்கலாக இருந்தாலும் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியவில்லை என்றால் கால்மணி நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போய்விடுவார்கள். புரொஜெக்டருக்குள் இருக்கிற குட்டி ஸ்பீக்கர் எதற்கும் ஆகாது.

மைக்செட் காரரிடம் குழாய் ஸ்பீக்கர் வேண்டாம், பெட்டி ஸ்பீக்கர் இரண்டு போதும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். திரைக்கு இருபக்கமும், உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்குச் சற்று மேலே, கடைசி வரிசையைப் பார்த்தபடி வையுங்கள். பேஸை, அதாவது ‘தம் தம்’ என்று அதிரும் கனத்த ஒலியை, குறைக்கச் சொல்லுங்கள். அண்ணன் முகம் சுளிப்பார், கல்யாண வீட்டுப் பழக்கம் அது. பேச்சு தெளிய பேஸ் குறைந்தே ஆகவேண்டும்.

லேப்டாப்பையும் புரொஜெக்டரையும் இணைக்கும் எச்டிஎம்ஐ வயரைச் செருகியதும் லேப்டாப் ஒலியையும் புரொஜெக்டருக்கே அனுப்பிவிடும். ஒலி அமைப்பில் போய் ‘ஹெட்போன்’ என்று மாற்றி, அந்தத் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வயர் கொடுங்கள். ‘உம்’ என்று இரைந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் அதுதான். லேப்டாப், புரொஜெக்டர், ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டைல்ஸ் போட்ட மண்டபத்தில் எதிரொலி படுத்தும். பின்சுவரில் கனமான போர்வையோ ஜமுக்காளமோ தொங்கவிட்டால் குறையும். கடைசியாக, படத்திலேயே மிக மெல்லப் பேசுகிறவர் வரும் காட்சியைப் போட்டு, மின்விசிறி எல்லாம் ஓட, கடைசி வரிசையில் கண்ணை மூடி உட்காருங்கள். அவர் சொன்னதை வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்ல முடிந்தால் தேறியது. ஆள் நிறைந்தபின் ஒலி இன்னும் அடங்கும், அதனால் கொஞ்சம் கூட்டி வைக்க இடம் இருக்கட்டும்.

5. கோப்பும் சப்டைட்டிலும்

படத்தை நெட்டில் ஓடவிடாதீர்கள், எம்பி4 கோப்பாக லேப்டாப்பிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். பெரிய படம் பென்டிரைவில் ஏறவில்லை என்றால் அந்த பென்டிரைவ் ஃபேட்32 என்ற வடிவில் இருக்கும், நாலு ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை அது வாங்காது.

படம் ஓட்டும் விஎல்சி செயலியில் சப்டைட்டில் கோப்புக்கும் படத்துக்கும் ஒரே பெயர் வைத்தால் தானாக வரும். தமிழ் சப்டைட்டிலில் சில கணினிகள் கொம்பு தனியாக, எழுத்து தனியாகக் காட்டும். கட்டங்கட்டமாக வந்தால் எழுத்துருவைத் தமிழுக்கு மாற்றி, கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்துப் பாருங்கள். அப்படியும் சரிவரவில்லை என்றால் படத்தின் மேலேயே எழுத்து பதிந்த பிரதியை இயக்குநரிடம் கேளுங்கள். சப்டைட்டில் முந்தியோ பிந்தியோ வந்தால் ஜி, ஹெச் விசைகள் சரிசெய்யும்.

விளவங்கோடு, களியக்காவிளை பக்கம் மலையாளப் படத்துக்குச் சப்டைட்டிலே வேண்டாம். தோவாளையில் வேண்டும். நம் மாவட்டத்துக்கு இது ஒரு வசதி, மலையாள ஆவணப்படங்களைத் தைரியமாகக் கேட்டு வாங்குங்கள்.

6. அன்று மாலை

ஸ்கிரீன்சேவர், வாட்ஸ்அப், அப்டேட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கரண்ட் போனால் சமாளிக்கச் சின்ன யுபிஎஸ் ஒன்று புரொஜெக்டருக்கு. வரவேற்புரை இரண்டு நிமிடம், பொன்னாடை வேண்டாம். கட்டன் சாயாவையும் ரசவடையையும் படம் முடிந்தபின் கொடுங்கள், ஆட்கள் பேச நிற்பார்கள்.

கலந்துரையாடலை ‘படம் எப்படி இருந்தது’ என்று தொடங்கினால் ‘நல்லா இருந்தது’ என்று முடிந்துவிடும். ‘அந்த அம்மா கடைசியில் ஏன் பேசாமல் போனார்?’ என்பதுபோல் ஒரு காட்சியைப் பிடித்துக் கேளுங்கள். மைக்கை முதலில் பின்வரிசைப் பெண்களிடம் கொடுங்கள். முன்வரிசைப் பெரியவர்கள் எப்படியும் பேசிவிடுவார்கள்.

உண்டியலில் விழுந்த பணத்தில் வாடகை போக மிஞ்சியதை இயக்குநருக்கு அனுப்புங்கள். மிஞ்சவில்லை என்றாலும், எத்தனை பேர் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த படத்துக்கு யாரைக் கேட்கலாம் என்று அவரே சொல்வார்.