மர நிழலில் பொதுத் தோட்டம்: வேலூர் மண்ணில் எது வரும், எது வராது

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கத்துக் குடியிருப்புகளில் தோட்டம் போட ஒதுக்கும் பொது இடம் பெரும்பாலும் மதிலோரம்தான். அங்கே வேம்போ தூங்குமூஞ்சியோ ஏற்கெனவே ஓங்கி நிற்கும். அந்த இடத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்தால் மரத்தடிக் கட்டம் கிடைத்தவர் இரண்டே மாதத்தில் ஒதுங்கிவிடுவார். மரத்தடியில் தொடங்கி திறந்தவெளியில் முடிகிற மாதிரி 4 அடி அகலப் பாத்திகளாக நீளவாக்கில் பிரியுங்கள். எல்லோருக்கும் கொஞ்சம் வெயில், கொஞ்சம் நிழல் வரும். இடையில் நடக்க ஒன்றரை அடி விடுங்கள்.

விதை வாங்கும் முன் வெயிலை அளக்க வேண்டும். மேகமில்லாத நாளில் காலை 8 முதல் மாலை 4 வரை மணிக்கொரு தடவை நிழலின் விளிம்பில் சுண்ணாம்புத் தூள் போட்டு வாருங்கள். எந்த இடத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது தெரிந்துவிடும். ஆனால் ஒரு பருவத்தின் கணக்கு இன்னொன்றுக்கு ஆகாது. வேலூரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிப்பொழுதுச் சூரியன் சற்று வடக்கே இருக்கும். நிழல் மரத்துக்குத் தெற்கே, குட்டையாக விழும். டிசம்பரிலோ 40 அடி மரத்தின் உச்சி நிழல் வடக்கே 30 அடி வரை நீளும். கோடையில் வெயில் காய்ந்த வடபுறத்தை நம்பி ஐப்பசியில் தக்காளி நட்டால், பூக்காமல் நெட்டையாக வளர்ந்து சாயும்.

கத்தரி, வெண்டை, தக்காளிக்கு 6 மணி நேரத்துக்குக் குறையாமல் நேர் வெயில் வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்கும் இதே கணக்குதான்; ஊர்ப்பாசத்தில் நிழலில் நட்டுவிடாதீர்கள். 'கீரைதானே, எங்கே போட்டாலும் வரும்' என்பதும் பாதிதான் சரி. சிறுகீரை, தண்டுக்கீரை இரண்டும் வெயில் விரும்பிகள். 4 மணி நேரத்துக்குக் கீழே போனால் தண்டு நூலாகி மடியும். இரண்டு முதல் நான்கு மணி நேர வெயிலுக்கு மணத்தக்காளி, கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, புதினா, சேப்பங்கிழங்கு, இஞ்சி, மஞ்சள் சரிப்படும். அக்னி நட்சத்திர நாட்களில் வெட்டவெளிக் கொத்தமல்லி கருகும்போது மரநிழல் கொத்தமல்லி தாக்குப்பிடிக்கும். வெயிலே எட்டாத இடம் உரக்குழிக்கு.

நிழலைவிடப் பெரிய தொல்லை வேர். மரத்தின் உறிஞ்சுவேர்கள் மேல்மண்ணில் ஒன்றரை அடிக்குள்தான் அதிகம் ஓடும், கிளைப் பரப்பையும் தாண்டிப் போகும். காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் காணாமல் போய் மண் பொடியாகக் கிடந்தால், ஒரு கை ஆழம் தோண்டிப் பாருங்கள். பழுப்பு நிற வேர்கள் மயிர்போலப் பின்னிக் கிடக்கும். அந்த இடத்தில் எவ்வளவு உரம் போட்டாலும் மரத்துக்குத்தான் போகும். கட்டைவிரலைவிடப் பருத்த வேரை வெட்டாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காற்றில் மரம் சாய அதுவே காரணமாகிவிடும். அடிமரத்தைச் சுற்றி மண் மேடு போடுவதும் தப்பு, பட்டை அழுகும். அடிமரத்திலிருந்து 3 அடியாவது சும்மா விடுங்கள்.

மரத்துக்கு நெருங்கிய பகுதிக்கு வளர்ப்புப் பைதான் நல்ல வழி. கீரைக்கு 12 அங்குலப் பை போதும். இஞ்சி, சேம்புக்கு 15 அங்குலம். செம்மண் 2 பங்கு, மக்கிய தொழுவுரம் 1, கழுவிய தென்னைநார்க் கழிவு 1, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. பையைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தரையில் வைத்தால் அடித்துளை வழியாக மரவேர் மேலேறி, அடுத்த பயிருக்குப் பையை நகர்த்தவே முடியாது.

இஞ்சியை வைகாசியில், இரண்டு முளையுள்ள 20–25 கிராம் துண்டாக, 2 அங்குல ஆழத்தில் வையுங்கள், எட்டு மாதமாகும். சேம்பு ஐந்தாறு மாதத்தில் வரும். நிழலில் செடிக்குச் செடி இடைவெளியை வழக்கத்தைவிட ஒன்றரை மடங்காக்குங்கள், காற்று உள்ளே போகட்டும். யூரியா வேண்டாம், வெயில் குறைந்த இடத்தில் தழைச்சத்து கூடினால் இலை மெலிந்து பூச்சி ஏறும், கீரையில் நைட்ரேட்டும் தேங்கும்.

தண்ணீரைக் காலையில் மட்டும் ஊற்றுங்கள். தூறலை மரமே தாங்கிக்கொள்வதால், மழை பெய்ததே என்று ஊற்றாமல் விடக்கூடாது. விரலை விட்டுப் பாருங்கள். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் இருக்கும் பகுதிகளில் ஆழ்குழாய் நீர் உப்பாக இருக்கலாம். பை விளிம்பில் வெள்ளைப் படலம் கட்டினால் மழைநீர் பிடித்து, அடியில் வழியும் வரை ஊற்றிக் கழுவுங்கள்.

மாசி, பங்குனியில் வேம்பு உதிர்க்கும் இலையைக் கொளுத்தாமல், மூன்று கூடைக்கு ஒரு கூடை சமையல் கழிவு சேர்த்து, சாணக் கரைசல் தெளித்து மக்க வையுங்கள். தைலமர இலையை மட்டும் சேர்க்காதீர்கள். லேசில் மக்காது, முளைப்பையும் தடுக்கும்.

ஈர நிழலில் நத்தை நிச்சயம் வரும். இருட்டியதும் நனைத்த சாக்கைப் பாத்தியோரம் விரித்து, அடியில் பப்பாளி இலை போட்டால் விடிகாலையில் அங்கே கூடியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். ஒரு வீட்டார் மட்டும் செய்தால் பயனில்லை. எல்லாப் பாத்திக்காரர்களும் ஒரே இரவில் சாக்கு விரிக்க வேண்டும்.