ராஜி (சமரச ஒப்பந்தம்) எழுதும்போது ஜூனியர் வக்கீல்கள் செய்யும் தவறுகள்

ஊட்டியிலும் குன்னூரிலும் புதிதாக சிவில் வழக்கு நடத்த வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். நாங்கள் ஜூனியராக இருந்தபோது செய்த அதே தவறுகள். வாய்தா தேதியை மறப்பது போன்றவற்றை சீனியரே இரண்டு சத்தம் போட்டுச் சரிசெய்துவிடுவார். கட்சிக்காரரின் நிலத்துக்கே வினையாகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பாதையை அளக்காமல் ராஜி எழுதுவது

எங்கள் மலையில் கீழ்த்தோட்டக்காரர் பல இடங்களில் மேல்தோட்டத்தைக் கடந்துதான் ரோட்டுக்கு வரமுடியும். பறித்த பச்சைத்தேயிலை அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போகவேண்டும். வழி அடைபட்டால் பிழைப்பு போச்சு.

கோத்தகிரிப் பக்கம் அண்ணன் தம்பி வழக்கு ஒன்று. சமரச மையத்தில் நாள் முழுக்கப் பேசி இருவரும் இறங்கி வந்தார்கள். "உனக்கு வழி விடாம வேற யாருக்குடா விடப்போறேன்" என்று அண்ணன் சொன்னபோது தம்பி அழுதுவிட்டார். அந்த நெகிழ்ச்சியிலேயே வக்கீல்கள் ராஜி மனுவை எழுதி முடித்தார்கள்: 'தற்போதுள்ள பாதையை இருவரும் அனுபவித்துக்கொள்வது.' அவ்வளவுதான். எத்தனை அடி அகலம், எந்த சர்வே எண்ணில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஆள் நடக்கவா, பிக்கப் வண்டி போகவா, சரிந்தால் யார் செலவு? ஒன்றும் இல்லை.

ஒரு மழையில் பாதை சரிந்தது. அதற்குள் அண்ணன் காலமாகிவிட்டார். சித்தப்பா வண்டிப்பாதை என்கிறார், அண்ணன் மகன் நடைபாதைதான் என்கிறார். ராஜியின்படி கோர்ட் கொடுத்த டிக்ரியை (தீர்ப்பாணையை) அமல்படுத்தக் கேட்டு நிறைவேற்று மனு போட்டார்கள். டிக்ரியில் இல்லாததை அந்த நீதிமன்றம் சேர்த்துக் கொடுக்க முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆவது பிரிவில் எழுத்துப் பிழை, கணக்குப் பிழை போன்றவற்றைத்தான் திருத்தலாம். ராஜி டிக்ரிமீது மேல்முறையீடு கிடையாது என்கிறது அதே சட்டத்தின் 96(3). ராஜி சட்டப்படி செல்லாது என்று தனி வழக்குப் போடவும் அதே சட்டத்தின் ஆணை 23, விதி 3-ஏ தடை. இத்தனையும் படித்தவர்கள்தான் அந்த ஒற்றை வரியை எழுதினார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. நாள் முழுக்கப் பேச முடிந்தவர்கள், எழுதுவதற்கு இன்னொரு வாய்தா கேட்டிருக்கக் கூடாதா?

கையெழுத்துக்கு முன்பே சர்வேயரைக் கூட்டிக்கொண்டு இடத்துக்குப் போங்கள். பாதையைப் புல வரைபடத்தில் குறித்து மனுவோடு இணையுங்கள். சில்வர் ஓக் மரத்தை எல்லையாக எழுதாதீர்கள், நாளைக்கு வெட்டிவிடுவார்கள். கல் நடச் சொல்லுங்கள். அப்புறம், வழக்கில் சேராத நிலத்தின் வழியாகப் பாதை போனால் ராஜி டிக்ரியைப் பதிவு செய்ய வேண்டும். பதிவுச் சட்டம் 17(2)(vi)ஐப் பாருங்கள்.

அக்கா தங்கையை விட்டுவிடுவது

அண்ணன் தம்பி ஒத்துக்கொண்டால் பாகப்பிரிவினை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளும் பிறப்பாலேயே பங்குதாரர். கட்டிக்கொடுத்த பெண்ணையும் வழக்கில் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். மைனர் இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 32, விதி 7ன்படி கோர்ட் அனுமதி இல்லாமல் ராஜி கூடாது.

சமரச அறையில் குறுக்கு விசாரணை செய்வது

கட்சிக்காரர்களைப் பேச விடுங்கள்.

அங்கே கேட்டதைச் சாட்சிக் கூண்டில் கேட்பது

கூடவே கூடாது. அறையில் சொன்னது அறையோடு போகவேண்டும்.

கோர்ட் கட்டணத்தை மறப்பது

வழக்கு சமரசத்தில் முடிந்தால், கட்டிய கட்டணத்தைத் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 69-ஏ பிரிவில் திரும்பக் கேட்கலாம். கட்சிக்காரர்கள் வெளியே தாங்களாகவே பேசி முடித்திருந்தாலும் அந்தப் பணம் உண்டு என்று 2021ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனு போடுங்கள்.