கொழும்பில் வெளிநாட்டவர் வங்கிக் கணக்குத் திறப்பது

சாதாரண ரூபாய்க் கணக்குக்குக் கடவுச்சீட்டு, வதிவிட விசா, தொழில் வழங்குநரின் கடிதம், கொழும்பு முகவரிக்கான ஆதாரம் ஆகியவற்றை மூலப்பிரதியோடு கொண்டுபோங்கள். மின்கட்டணப் பட்டியல் வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும். வாடகை ஒப்பந்தத்தையும் சேர்த்துக் கொடுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கிளைகளில் தமிழிலேயே பேசி முடிக்கலாம்.

அதிகம் சிக்குவது பெயரில். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களின் கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிந்திருக்கும், ஊரிலுள்ள பழைய கணக்கில் முதலெழுத்து மட்டும் இருக்கும். பெயர் பொருந்தாவிட்டால் ஊரிலிருந்து வரும் பணம் இடையில் நின்றுவிடலாம். கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள், அனுப்புபவருக்கும் அதையே கொடுங்கள்.

டொலரை டொலராகவே வைத்திருக்கத் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு இருக்கிறது. பங்கு வாங்கும் எண்ணம் இருந்தால் உள்முக முதலீட்டுக் கணக்கை (வெளிநாட்டவர் இங்கே முதலிடும் பணத்துக்கான தனிக் கணக்கு) முதலிலேயே திறந்து, பணத்தை அதன் வழியாகவே கொண்டுவாருங்கள். சாதாரணக் கணக்கில் ரூபாயாக மாற்றிவிட்டால், விற்ற பணத்தைத் திரும்ப வெளியே கொண்டுபோவது பெரும்பாடு. இதைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள்.

வங்கி முறிந்தால் கிடைக்கும் வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரைதான்; கூடுதல் தொகையை இரண்டு வங்கிகளில் பிரித்து வையுங்கள். விசா புதுப்பித்ததும் புதிய பிரதியைக் கிளையில் கொடுங்கள், தவறினால் கணக்கை முடக்கக்கூடும்.