கொழும்பில வேலை செய்யிற பிள்ளையள் சம்பளக் காசைக் கையில நிப்பாட்டுறது எப்பிடி

25ம் திகதி சம்பளம் விழும், அடுத்த மாசம் 10ம் திகதி வரமுதலே ஏடிஎம்ல பலன்ஸ் பாக்கப் பயம் வந்திடும், வெள்ளவத்தை தெஹிவளைப் பக்கம் அனெக்ஸ் (வீட்டோட ஒட்டின தனி வாடகைப் பகுதி) எடுத்து இருக்கிற எங்கட பிள்ளையள் கனபேருக்கு இதுதான் நிலைமை. சம்பளம் குறைவு எண்டதால மட்டும் இப்பிடி ஆகிறேல்ல, லட்சத்துக்கு மேல எடுக்கிறவையும் மாசக் கடைசியில ரூம்மேட்டிட்ட கைமாத்து வாங்கினம். காசு வரமுதல் அது எங்க போகோணும் எண்டு நாங்க முடிவெடுக்கிறேல்ல, அதால ஆர் முதல்ல கேக்கினமோ அவையிட்டப் போயிடுது, அனெக்ஸ்காரர், கிரெடிட் காட் பில், ஊரில இருந்து வாற கோல், ஒஃபிஸ்ல பேர்த்டேக்குச் சேர்க்கிற காசு எண்டு. அந்த முடிவை எப்பிடி முதலே எடுக்கிறது எண்டுதான் சொல்லப்போறன்.

முதல்ல பே ஷீட்டைத் திறந்து வாசியுங்கோ. கனபேர் கடைசி வரியை மட்டும் பாத்திட்டு மூடிடுவினம். உங்கட அடிப்படைச் சம்பளம் 90,000, அதுக்கு மேல பயணச் செலவு, டேட்டா எண்டு 30,000 எண்டு வைப்பம். 90,000ல 8 வீதம், 7,200 உங்களிட்ட இருந்து ஈபிஎஃப்க்கு (ஊழியர் சேமலாப நிதியத்துக்கு) வெட்டுப்படும், கொம்பனி தன்ர பக்கத்தால 12 வீதம், 10,800 போடோணும், ஈடிஎஃப்க்கு (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு) இன்னொரு 3 வீதம், 2,700. எல்லாம் கூட்டினா மாசம் 20,700 உங்கட பேரில சேருது, கையால நீங்க இப்பிடிச் சேர்க்கவே மாட்டீங்கள். அதே 120,000ஐ அடிப்படை 60,000, மிச்சம் கொடுப்பனவு எண்டு பிரிச்சுத் தந்தா சேர்றது 13,800 தான். அதால புது வேலைக்குப் போகேக்க மொத்தத் தொகையை மட்டும் கேட்டிட்டுத் தலையாட்டாமல், எவ்வளவு அடிப்படை, எந்தக் கொடுப்பனவுக்கு ஈபிஎஃப் கட்டுவீங்கள் எண்டு எச்ஆர்ட்ட நேராக் கேளுங்கோ, கேக்கிறதில ஒரு வெக்கமும் இல்லை. வெட்டின காசு உண்மையா கட்டுப்படுதோ எண்டும் பாக்கோணும், மத்திய வங்கியில இருந்து வாற கணக்கு அறிக்கையைத் தேடி எடுத்து மாசம் மாசமா பே ஷீட்டோட ஒப்பிட்டுப் பாருங்கோ. பின்னுரித்தாளி, அதாவது நீங்க இல்லாட்டி அந்தக் காசு போகவேண்டிய ஆள், ஆர் எண்டு எழுதிக் குடுக்காத ஆக்கள் இந்தக் கிழமையே குடுங்கோ.

வரியைப் பற்றித் தேவையில்லாத பயம் கனபேருக்கு இருக்கு. 2025 ஏப்ரலில இருந்து மாசம் 150,000 வரைக்கும் சம்பளத்தில வரி இல்லை, அதுக்கு மேல போற முதல் பகுதிக்கு 6 வீதம். 200,000 எடுக்கிற ஆளுக்கு 3,000 வெட்டுப்படும், அவ்வளவுதான்.

இனி வீட்டுக்கு அனுப்புற காசு. இதைப் பற்றி ஆரும் ஒழுங்கா எழுதுறேல்ல, ஆனா எங்கட ஆக்களின்ர கணக்கில பெரிய இடமே இதுதான். யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ ஹட்டனோ, வீட்டில இருந்து ஒரு ஆள் கொழும்புக்கு வேலைக்கு வந்தா அந்தச் சம்பளம் அரைவாசி வீட்டுச் சம்பளம். அதில ஒரு பிழையும் இல்லை, அனுப்பத்தான் வேணும். பிரச்சினை எங்க வருது எண்டா, தொகை பேசி வைக்காததால. 18ம் திகதி அம்மா எடுப்பா, "தம்பி, கிணத்து மோட்டர் நிண்டு போச்சு, வைண்டிங் எரிஞ்சிட்டுதாம், ஒரு பதினைஞ்சு அனுப்பிறியே" எண்டு, இல்லை எண்டு சொல்ல மனம் வராது, காட்ல இருந்து காசு எடுத்தாவது அனுப்புவீங்கள். காட்டைப் போட்டு ஏடிஎம்ல காசு எடுத்தா அண்டைக்கே வட்டி தொடங்கும், கட்டணமும் தனி, அம்மாவுக்கு இது தெரியவே தெரியாது, தெரிஞ்சா கேட்டே இருக்க மாட்டா.

அதால அடுத்த முறை ஊருக்குப் போகேக்க அம்மா அப்பாவோட இருந்து கதையுங்கோ. கையில எவ்வளவு வருது, அனெக்ஸ் வாடகை எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு எண்டு உள்ளதைச் சொல்லுங்கோ. கனக்க வீடுகள்ல பிள்ளை எவ்வளவு எடுக்குது எண்டு தெரியாது, கொழும்பு வேலை எண்டா பெரிய காசு எண்டு நினைச்சுக்கொண்டு இருப்பினம். மாசம் 30,000 எண்டு முடிவாச்சு எண்டா, சம்பளம் விழுற அடுத்த நாளே போற மாதிரி வங்கியில ஸ்டாண்டிங் ஓடர் குடுத்திடுங்கோ. அதோட இன்னொரு கணக்கு திறந்து, மாசம் 5,000 எண்டாலும் வீட்டு அவசரத்துக்கு மட்டும் எண்டு போட்டு வையுங்கோ, மோட்டர், கூரை, அப்பாவின்ர கண் ஒப்பரேசன் எல்லாம் அதுக்குள்ள இருந்து போகட்டும். நல்லூர்த் திருவிழா, தீபாவளி, ஆரின்ரையும் சாமத்திய வீடு, கலியாணம் இதுகள் எல்லாம் வருசம் வருசம் வாறது தெரிஞ்ச செலவுதானே, அதுக்கும் அதே கணக்கில ஒரு பங்கு சேருங்கோ.

அனெக்ஸ் எடுக்கேக்க ஒரு விசயம். அட்வான்ஸ் எண்டு ஆறு மாசம், ஒரு வருசம் கேப்பினம், அது வாடகையில கழியுமோ, இல்லை போகேக்க திருப்பித் தாற டெபொசிட்டோ எண்டு கடுதாசியில எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து வையுங்கோ. கரண்டுக்கு தனி மீட்டரோ, வீட்டோட சேர்ந்த சப் மீட்டரோ எண்டும் கேளுங்கோ. எங்கட கரண்ட் பில் யூனிட் கூடக் கூட விலையும் ஏறுற மாதிரி, மேல் வீட்டுக்காரர் ஏசி போட்டு ஓடினா உங்கட ரெண்டு பேனுக்கும் அந்த உயர்ந்த விலையே விழலாம். யூனிட் என்ன விலை எண்டு முதலே பேசி எழுதுங்கோ.

சாப்பாடு, பயணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கோட்டையிலயோ கொம்பனித்தெருவிலயோ வேலை எண்டா வெள்ளவத்தையில இருந்து ரயில் சீசன் டிக்கெட் எடுங்கோ, 100, 101 பஸ் இருக்கு, ஃபோன்ல கூப்பிடுற பிக்மீ வாகனத்தை மழைக்கும் இரவுக்கும் வைச்சிருங்கோ.

கிரெடிட் காட் வைச்சிருக்கிறது பிழையில்லை, மினிமம் மட்டும் கட்டுறதுதான் ஆளை விழுத்தும். 100,000 நிலுவை, வட்டி வருசத்துக்கு 24 வீதம் எண்டு குறைச்சே வைச்சுப் பாருங்கோ, மாசம் 2,000 வட்டிக்கே போயிடும், நீங்க 5,000 கட்டினா கடன் குறையிறது 3,000. முழுக்கக் கட்டாட்டி பொதுவா புதுசா வாங்கிற சாமானுக்கும் வட்டியில்லாக் காலம் போயிடும், பால்மா வாங்கினாலும் அண்டையில இருந்து வட்டி. ஏற்கனவே மாட்டியிருந்தா காட்டை வீட்டில வைச்சிட்டு, மற்றச் சேமிப்பை எல்லாம் நிப்பாட்டி முதல்ல அதைக் கட்டி முடியுங்கோ, எந்த எஃப்டியும் (நிலையான வைப்பும்) அந்த வட்டிக்கு ஈடு தராது.

அதுக்குப் பிறகு சேமிப்பு. மூணு மாசச் செலவு கையில இருக்கோணும், 2022 செப்டம்பரில கொழும்பு விலைவாசி ஏற்றம் 69.8 வீதம் வரைக்கும் போச்சு, சம்பளம் அப்பிடியே நிண்டுது, அந்த நேரம் கையில காசு இருந்த வீடும் இல்லாத வீடும் எப்பிடி இருந்தது எண்டு எங்களுக்குத் தெரியும். மத்திய வங்கி அனுமதி உள்ள இடத்திலதான் போடுங்கோ, ஒரு நிறுவனத்தில ஒரு ஆளுக்கு 1,100,000 வரைக்கும் வைப்புக் காப்புறுதி இருக்கு. எஃப்டி வட்டியில 10 வீதம் வரி பிடிப்பினம், வருச வருமானம் 1,800,000க்கு உள்ள எண்டா வங்கியில பிரகடனப் படிவம் குடுத்து அதை நிப்பாட்டலாம். சீட்டு பிடிக்கிறது எண்டா, வீடு வாசல் தெரிஞ்ச ஆக்களோட, ஏலம் கூறிக் கழிச்சு எடுக்காத சீட்டாப் பாத்துப் பிடியுங்கோ. செட்டியார் தெருவில நகை வாங்கிறது ஆசைக்கு வாங்குங்கோ, விக்கேக்க செய்கூலி திரும்பி வராது. ஆள் சேர்த்தா காசு வரும் எண்டு சூம்ல கூட்டம் வைக்கிறவையோட சேரவே வேண்டாம், பிரமிட் திட்டம் இந்த நாட்டில சட்டப்படி குற்றம்.

கடைசியா, பிணைக் கையெழுத்து. ஒஃபிஸ்ல சீனியர் அண்ணை ஒருத்தர் லீசிங் எடுக்கப் போறார், "தங்கச்சி, ஒரு சைன் மட்டும்தான்" எண்டு படிவத்தை மேசையில வைப்பார். அந்த சைன் வைச்சா அவர் கட்டாத கடன் உங்கட கடன், ஆர் என்ன கடன் எடுத்தவை, ஒழுங்காக் கட்டினவையோ எண்டு காட்டுற கிரிப் அறிக்கையிலயும் உங்கட பேர் ஏறும், நாளைக்கு நீங்க வீட்டுக் கடன் கேக்கேக்க வங்கி அதைப் பாக்கும். "அண்ணை, நான் ஆருக்கும் பிணை வைக்கிறேல்ல எண்டு முடிவெடுத்து வைச்சிருக்கிறன்" எண்டு மரியாதையாச் சொல்லிடுங்கோ, உதவ ஆசை எண்டா திரும்பி வராட்டியும் தாங்கக்கூடிய தொகையைக் கையில குடுங்கோ. ஏற்கனவே வைச்சிட்டீங்கள் எண்டா மாசம் மாசம் கட்டின ரிசீட்டைக் கேட்டு வாங்குங்கோ, வருசத்தில ஒருக்கா உங்கட கிரிப் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கோ.